அம்மாவின் முகத்தில் எந்த வெளிச்சம்?

வணக்கம் ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 49. கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, இரவு வேலை இல்லாத வாரங்களில் வரைவேன். யாரிடமும் படித்ததில்லை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் மாட்டியிருந்த சாமி காலண்டர்களைப் பார்த்துத்தான் வரையத் தொடங்கினேன். அப்புறம் மாமா பைண்டு செய்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன்களில் ஓவியர் சில்பியின் கோயில் படங்கள். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியவர், இப்போது இல்லை. அவர் விடியுமுன் மரம் வெட்டுவதை நாலடி கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருக்கிறேன். மரம், நிரை என்கிற மர வரிசை, சேலைமேல் போட்ட முழுக்கைச் சட்டை, பால் பிடிக்கிற மங்கு எல்லாம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை. வரைகிறேன், அழிக்கிறேன், வருஷக்கணக்காக இதே கதை. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோகிறார், அதற்குள் முடித்துக் கொடு என்கிறார். காலண்டர் பார்த்துக் கற்றவனுக்கு இதற்குமேல் வராதோ? அப்படியே விட்டுவிடலாமா, இல்லை ஈப்போவில் ஏதாவது வகுப்பில் சேரவா? படத்தை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். அந்த மரப்பட்டை அபாரம். பழைய வெட்டு ஆறி மறுபட்டை வளர்ந்த இடம் ஒரு நிறம், இப்போது சீவுகிற இடம் இன்னொரு நிறம், கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்ட இடத்தில் முண்டு விட்டிருப்பதைக்கூட விடவில்லை. வெட்டுக்கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிகிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். தோட்டத்தில் பிறக்காதவர்கள் பால்மரம் வரைந்தால் இந்தச் சாய்வைத்தான் முதலில் கோட்டைவிடுவார்கள். உங்கள் கை அதை யோசிக்காமலே போட்டிருக்கிறது, சின்ன வயதில் அம்மாவோடு நிரைக்குப் போன கை என்று நினைக்கிறேன்.

முகத்துக்கு வருகிறேன். அழித்த இடத்தில் பழைய கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. ஒவ்வொரு தடவையும் முகம் நம் பக்கமே திரும்பியிருக்கிறது, இமை லேசாகத் தாழ்ந்து, இரண்டு கன்னத்திலும் ஒரே அளவு வெளிச்சத்தோடு. அந்த முகம் லயத்துச் சுவரில் இருந்த லட்சுமியிடமிருந்து வந்தது.

காலண்டரைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர், பிறகு சாமி படங்களுக்கு வந்தார், 1976இல் மறையும்வரை அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முகங்கள்தான் நம்மில் பலருக்கு முருகனும் சரஸ்வதியும். அவர்கள் முகத்தில் நிழல் விழ விடாததற்குக் காரணம் இருக்கிறது. சாமி நம்மைப் பார்க்க வேண்டும், நாம் சாமியைப் பார்க்க வேண்டும், பாதி முகம் இருட்டில் இருந்தால் அந்தப் படத்துக்கு எப்படிக் கற்பூரம் காட்டுவது? தெரிந்தே எடுத்த முடிவு அது. அதைப் பார்த்துக் கற்றேன் என்று சொல்ல ஏன் கூச்சம்? 1943இல் அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் சையது தாஜுதீனின் படங்களைத் தேடிப் பாருங்கள். அஜந்தாச் சுவரின் சாயலை அவர் மறைக்கவே இல்லை. நீங்களும் மறைக்க வேண்டாம்.

ஆனால் விடியுமுன் நிரையில் நிற்கிற பெண் யாரையும் பார்ப்பதில்லை. கத்தி முனையைப் பார்க்கிறாள். மெல்லிசாகச் சீவ வேண்டும், பட்டைக்கு உள்ளே இருக்கிற மரத்தைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் கங்காணி ஏசுவார். கவனமெல்லாம் அங்கேதான்.

சில்பி கோயிலிலேயே உட்கார்ந்து, சிலையைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தவர். கல்லில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அவர் மையில் தெரியும். உங்கள் பட்டையில், மங்கின் விளிம்பில், சட்டையின் மடிப்பில் இருப்பது அவரிடம் கற்ற கண். முகத்துக்கு வந்ததும் நீங்கள் சுவர்க் காலண்டர் பக்கம் போய்விடுகிறீர்கள். ஒரே கேன்வாஸில் இரண்டு வெளிச்சம் நிற்காது. எத்தனை தடவை வரைந்தாலும் ஒட்டாததற்கு இதுதான் காரணம், உங்களுக்குத் திறமை போதாததல்ல.

அம்மாவின் நெற்றியில் கார்பைடு விளக்கு வரைந்திருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்கு மேலிருந்து முன்னால் பாய்கிறது, அவர் முகத்தில் நேராகப் படுவதே இல்லை. பட்டையில் விழுந்து, கோட்டில் வழிகிற வெள்ளைப் பாலில் பட்டு, அங்கிருந்து திரும்பி வருகிற மிச்சம்தான் முகத்துக்கு. அவர் தாழ்வான வெட்டுக்குக் குனிந்து நிற்பதால் அதுவும் கீழிருந்து வரும். தாடை தெரியும், மூக்கின் அடி தெரியும், மேலிமையின் உட்புறம் கொஞ்சம். நெற்றி விளக்குக்குப் பின்னால் இருட்டில் போய்விடும். அந்த மிச்ச வெளிச்சத்துக்குப் பட்டையின் பழுப்பும் ஒட்டியிருக்கும், ஆகவே நீங்கள் போட்டிருக்கிற ரோஸ் கலந்த தோல்நிறம் அங்கே செல்லாது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். இரும்புக்கடையில் நெற்றியில் கட்டுகிற டார்ச் கிடைக்கும். வீட்டில் யாரையாவது கட்டிக்கொள்ளச் சொல்லி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வாசலில் ஏதாவது ஒரு மரத்தின் முன்னால் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். மரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பாலுக்குப் பதிலாக ஒட்டிவையுங்கள். அப்புறம் தாள் முழுவதும் கரியைப் பூசி, வெளிச்சம் படுகிற இடத்தை மட்டும் ரப்பரால் அழித்தே முகத்தை எடுங்கள். கண், புருவம், பொட்டு எதையும் வரைய வேண்டாம், எங்கே வெளிச்சம், எங்கே இல்லை, அவ்வளவுதான். தாள்கள் நிறைய வீணாகட்டும். கேன்வாஸை அதுவரை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கொண்டையராஜுவின் கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் கழுகுமலை. அங்கே 8ஆம் நூற்றாண்டு வெட்டுவான் கோயில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, விமானத்தை அவ்வளவு நுணுக்கமாக முடித்துவிட்டு, அடித்தளத்தை முடிக்காமல் நிறுத்திய கோயில். முடியாதது என்பதால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. ஆனாலும் அதை உங்களுக்குச் சமாதானமாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சிற்பிகளை எது நிறுத்தியதோ, அது அவர்களோடு போயிற்று. உங்களை நிறுத்தியிருப்பது அவிழ்க்கக்கூடிய முடிச்சு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வெளிச்சம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அம்மா வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கிறது, அதனால்தான் அந்த முகம் விடாமல் திரும்புகிறது. நியாயமான ஆசை. அதற்குத் தனியாக ஒரு படம் வரையுங்கள். வேலை முடிந்து குளித்து, வாசல்படியில் உட்கார்ந்து நேராகப் பார்க்கிற அம்மா, காலண்டர் வெளிச்சத்திலேயே, நிழலே இல்லாமல், ஒன்றரை அடிக்குள். அதை அண்ணன் வீட்டுக்குக் கொடுங்கள். குடிபோகிற வீட்டில் மாட்ட அதுதான் பொருத்தம், அவரும் அதைத்தான் விரும்புவார். பெரிய படத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

வகுப்பு பற்றி: ஆளை எதிரே உட்காரவைத்து வரையச் சொல்லித்தருகிறார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஆம் என்றால் சேருங்கள். புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கக் கற்றுத்தருகிற இடமென்றால் வேண்டாம், அது உங்களுக்கு இப்போதே வரும்.

கரியில் எடுத்த முகங்களை அனுப்புங்கள். படம் பிடிக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள், இந்த முறை சட்டையின் நீலம் பாதி வெளுத்துப்போய்த்தான் எனக்குத் தெரிந்தது.