பல்கலைக்கழக அரங்கில் நாடகத்தின் நடுவே தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நாடகத்தை உடனே நிறுத்துங்கள். இருட்டில் அமர்ந்திருப்பவர்கள் புகையைக்கூடக் காட்சியின் பகுதி என்றே நினைப்பார்கள். எனவே மேடை மேலாளர் அரங்க விளக்குகளை முழுவதும் எரியவிட்டு, எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் தீயணைப்புத் துறையை அழைக்கட்டும்.

1903இல் சிகாகோவின் இரோக்வா அரங்கத் தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும் பழக்கமில்லாத தாழ்ப்பாள்களும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் எல்லா அவசர வாசல்களையும் நீங்களே திறந்து பாருங்கள். மாணவர் குழு ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டுப் பயிற்சி போதாது.

ஒப்பனை அறையிலும் விளக்குக் கட்டுப்பாட்டு அறையிலும் இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வெளியே வந்ததும் பெயர்ப் பட்டியலை வைத்து அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.