படிகத்துக்குள் இருக்கும் திரிபை அளக்க முடியுமா?

கேள்வி: எங்கள் பகுதிக் குவாரிகளில் கிரானைட்டை அறுத்தெடுக்கும்போது சில பாளங்கள் தாமாகவே வெடிப்பு விடுகின்றன. கல்லுக்குள் அடங்கியிருந்த இறுக்கமே காரணம் என்கிறார் என் அப்பா. அந்த இறுக்கத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அளக்கலாமா?
– இயற்பியல் மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் அப்பா சொல்வது சரிதான். ஆனால் நுண்ணோக்கி இறுக்கத்தை, அதாவது தகைவை, நேராகக் காட்டுவதில்லை. அணு அடுக்குகளின் இடைவெளி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை, அதாவது திரிபைத்தான் காட்டும். 200 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 0.0025 நானோமீட்டர். அக்கற்றை மெல்லிய படிகச் சீவலின் ஊடே செல்லும்போது விளிம்பு விளைவால் ஒளிப்புள்ளிகளின் கோலம் ஒன்று உண்டாகிறது. அடுக்குகள் நெருங்கினால் புள்ளிகள் மையத்திலிருந்து விலகும், அடுக்குகள் விலகினால் புள்ளிகள் நெருங்கும்.

மற்றொரு வழியை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல்வலையை மட்டும் சிறிது இழுத்துப் பிடித்தால், கண்ணிகள் நகர்ந்ததே தெரியாது. ஆனால் அகலமான நிழல்வரிகள் சட்டென்று இடம் மாறுவது தெளிவாகத் தெரியும். 1998இல் ஆய்வாளர் ஹிச்சும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட வடிவியல் கட்டப் பகுப்பாய்வும் இதுபோலவே, அணு அடுக்குகளின் படத்தைத் திரிபற்ற ஓர் ஒழுங்கோடு ஒப்பிட்டு, கட்ட வேறுபாட்டிலிருந்து, அதாவது படத்திலுள்ள வரிகள் அந்த ஒழுங்கின் வரிகளிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதிலிருந்து, திரிபைக் கணக்கிடுகிறது. ஆகவே எந்தப் பகுதியைத் திரிபற்றதென்று எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்தே விடை அமையும். அந்தத் தேர்வு பிழையானால், எவ்வளவு அழகான வண்ண வரைபடமும் பிழையே.

கணினிச் சில்லுகளுக்கு இந்த அளவீடு இன்றியமையாதது. சிலிக்கனின் அணிக்கோவை அளவு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணு அமைப்பின் நீளம், 0.5431 நானோமீட்டர், ஜெர்மானியத்தினுடையது 0.5658. 2003இல் வந்த 90 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளில், சிலிக்கன்-ஜெர்மானியக் கலவையை டிரான்சிஸ்டரின் இருபுறமும் வளர்த்து நடுவிலுள்ள சிலிக்கனை நெருக்கினார்கள். அதனால் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களாக நேர்மின்னைச் சுமப்பவை, விரைந்து ஓடின.

உங்கள் கல்லுக்கு வருவோம். சீவல் சுமார் 100 நானோமீட்டருக்கும் மெலிதாக இருக்க வேண்டும் என்பதால், அப்படிச் சீவும்போதே அடங்கியிருந்த இறுக்கத்தின் பெரும்பகுதி தளர்ந்துவிடுகிறது. மெருகேற்றிய கல்பரப்பிலிருந்து பின்சிதறும் எலக்ட்ரான்களின் கோலத்தைப் பதிவுசெய்தால் சீவத் தேவையில்லை; நல்ல அளவீட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குத் திரிபும் புலப்படும். ஆனாலும் அது ஒரு படிகத் துகளின் கதைதான். பாளம் முழுவதன் இறுக்கத்தை அறிய, பாறையிலேயே திரிபுமானியைப் பொருத்தி, அதைச் சுற்றி வட்டமாகத் துளையிட்டு, விடுபட்ட கல் எவ்வளவு விரிகிறது என்று அளப்பதே ஏற்ற முறை.