'டூ யூ நோ வேர் இஸ் ஹீ?' ஏன் தவறு?

'வேர் இஸ் ஹீ?' சரி என்றால், 'டூ யூ நோ' சேர்த்ததும் அதே சொற்கள் எப்படித் தவறாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

முதல் வேலையில் சேரும்முன் நான் எழுதிய கடிதத்தில் 'ப்ளீஸ் லெட் மீ நோ வென் கேன் ஐ ஜாயின்' என்று இருந்தது. படித்துப் பார்த்த அக்கா ஒன்றும் சொல்லாமல் 'கேன்', 'ஐ' இரண்டையும் பென்சிலால் வளைத்து இடம் மாற்றிக் காட்டினார். 'வென் ஐ கேன் ஜாயின்'. ஏன் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

காரணம் தமிழில் இருக்கிறது. 'அவர் எங்கே இருக்கிறார்?' என்பதோடு ஒரு 'என்று' போட்டால் போதும், 'அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?' ஆகிவிடும். உள்ளே ஒரு சொல்கூட நகரவில்லை. ஆங்கிலக் கேள்வியையும் அதே கையோடு அப்படியே தூக்கி வைத்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் 'இஸ்' முன்னால் வருவதுதான் நேராகக் கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். 'டூ யூ நோ' என்று தொடங்கும்போதே கேட்டாயிற்று. அதனால் உள்ளே சாதாரண வாக்கியத்தின் வரிசைதான்: எழுவாய், பிறகு வினை. 'டூ யூ நோ வேர் ஹீ இஸ்?'

அதிகம் சறுக்குவது 'டூ, டஸ், டிட்' வரும் இடத்தில். 'வேர் டிட் ஷீ கோ?' உள்ளே போகும்போது 'டிட்' காணாமல் போகும். ஆனால் அது சுமந்த இறந்தகாலம் வினைக்கு வந்துவிடும்: 'டெல் மீ வேர் ஷீ வென்ட்'. 'டெல் மீ வேர் ஷீ கோ' என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும். 'வந்தாரா என்று தெரியவில்லை' என்பதில் உள்ள அந்த 'ஆ'தான் இது: 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ கேம்'. 'ஹூ கால்ட்?' போல வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் எதுவும் மாறாது.

ஒன்று சொல்ல வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் பேச்சில் 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் வாஸ் ஹீ கோயிங்' என்பது இயல்பாகவே வரும். ஆகவே இப்படிப் பேசும் யாரையும் தயவுசெய்து மட்டம்தட்டாதீர்கள். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'வேர் ஹீ வாஸ் கோயிங்' என்றே எழுதுங்கள்.