படிக்க வராத எழுத்து

அன்புள்ள ஐயா,

சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் கிராமத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளால் படத்தை நிரப்பினார் என்று புகழ்ந்திருக்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் சுட்டது. மொரீசியஸில் பிறந்த என் போன்றவர்களுக்குத் தமிழ் எழுத்து கோவில் சுவரிலும் எங்கள் நாட்டு ரூபாய் நோட்டிலும் இருக்கும் படம்தான். தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடியவள் நான். 46 வயதில் மாலை வகுப்புக்குப் போய் அ, ஆ கற்றேன். படிக்கத் தெரிந்தவர் எதற்குப் படிக்க முடியாததை எழுத வேண்டும்? அவர் ஆசிரியராகவும் இருந்தார் என்கிறீர்கள். மாணவர்களுக்கு எதைத்தான் கற்றுக்கொடுத்தார்?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள அம்மா,

சுட்டது நியாயம்தான். நான் இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்த முதல் வாரமே அந்த நோட்டுக் கதையைச் சொல்லிவிட்டார்கள். 1998இல் புது நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்ததும், தமிழர்கள் கொதித்தெழுந்து அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த கதை. சொன்ன பெரியவருக்கு அந்த வரியைப் படிக்க வராது. ஆனால் அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகா வேலையை விட்டுவிட்டு 1936இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியர், 1957 முதல் பத்து வருடம் முதல்வர். லண்டனிலும் பாரிஸிலும் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டு வந்தவர். ஆனாலும் நம் ஊருக்கென்று ஓர் ஓவிய மொழி வேண்டாமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1963 வாக்கில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டு கண்ணில் பட்டது. எண்கள், இயற்கணித எழுத்துகள், வடிவியல் கோடுகள். கணக்கை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தின் முகத்தைப் பார்த்தார். ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அங்கிருந்துதான் தொடங்கியது.

திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்ள ஓவியக் கூடத்துக்கு ஒரு மலையாள நண்பரோடு போயிருந்தேன். ஜாதகக் கட்டம் போல ஒன்று, பக்கத்தில் மீன், சுற்றிலும் பொடிப்பொடியாக எழுத்து. நண்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் எழுத்து மலையாளம், இரண்டாவதும் மலையாளம், மூன்றாவது எந்த மொழியிலும் இல்லை! எரிச்சலோடு இரண்டடி பின்னால் போனார். அப்புறம்தான் படத்தைப் பார்த்தார்.

எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் எழுத்தின் உருவம் கண்ணில் நிற்பதில்லை, அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறோம். நாற்பத்தாறு வருடம் உங்களிடம் இருந்த அந்தப் பார்வையைத்தான், படித்த மனிதரான பணிக்கர் மெனக்கெட்டு மீட்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். (அவரைப் பார்த்து எழுத்தைக் கிறுக்கிய பலருடைய படங்கள் எனக்கு அலுப்பு. அது வேறு கதை.)

என்ன கற்றுக்கொடுத்தார் என்றால், முதலில் பிழைக்க. ஓவியம் படித்துவிட்டு வெளியே வந்தால் சோற்றுக்கு வழியில்லாத காலம். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து விற்கலாம், வரைவதையும் விட வேண்டாம் என்றார். அப்படிச் சேர்த்த பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம். பேச்சு சரியாக வராத, ஊரே கேலி செய்த ராமானுஜம் என்ற இளைஞனுக்கும் அவரிடம் இடம் இருந்தது. ராமானுஜத்தின் கனவு நகரங்களை, அதில் தொப்பியோடு திரியும் அவருடைய சொந்த உருவத்தை, இன்றைக்குத் தேடித்தேடிப் பார்க்கிறார்கள். ஓவியராகப் பணிக்கரைப் பற்றி வாதம் செய்யலாம். ஆசிரியராக அவரிடம் எனக்கு வாதமே இல்லை. 1977 ஜனவரியில் காலமானார்.

மாலை வகுப்பில் முதல் வாரம் எழுதிய நோட்டு இன்னும் வைத்திருக்கிறீர்களா? ‘ஐ’யும் ‘ஞ’வும் கோடு தாண்டி ஓடும் ஒரு பக்கம் இருந்தால், திருத்தாமல் அப்படியே படமெடுத்து அனுப்புங்கள்.