ஆயரிடம் கேளுங்கள்: ஏல நோட்டும் ஞாயிறு பிரசங்கமும்

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் உதவி ஆயராக இருக்கிறேன். அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களை ஏலம் விட்ட கணக்கு உதைக்கிறது. “ஏல நோட்டு சின்ன ஐயா கையில்தானே இருந்தது” என்று என்னைக் குறித்துக் கமிட்டியில் எல்லார் முன்னாலும் பொருளாளர் சொல்லிவிட்டார். பெரிய ஐயா, அதாவது சபையின் தலைமை ஆயர், வாயே திறக்கவில்லை. இந்த ஞாயிறு பிரசங்கம் என்னுடையது. காணிக்கைப் பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துப் பொய் சொல்லிச் செத்து விழுந்த அனனியா, சப்பீராளை எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம் தம்பி. அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம் என்று நீங்கள் சொன்னதுமே மொத்தச் சபையும் பொருளாளர் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் திரும்பும். அவரால் எழுந்து பதில் சொல்ல முடியாது. (சொன்னால் அது இன்னும் மோசம்.) கொஞ்ச நேரத்தில் அதே மனிதர் திருவிருந்துக்கு வந்து கை நீட்டுவார், நீங்கள்தான் அப்பம் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் குறித்திருக்கிற வேதபாடத்தையே பிரசங்கியுங்கள்.

மத்தேயு 18:15 “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்கிறது. எனவே ஞாயிறுக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போங்கள். கடைக்குப் போகாதீர்கள், அங்கே ஆள் வந்து போகும். மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். நோட்டை விரித்து வைத்து வரிவரியாக வாசியுங்கள்: இந்தச் சேவலை எடுத்தது யார், எவ்வளவுக்கு, கட்டியாச்சா? நம் ஊர் ஏலத்தில் கைதட்டலுக்கு விலையை ஏற்றிவிட்டு, “சம்பளம் வரட்டும் ஐயா” என்பவர்கள் எப்போதும் உண்டு. உதைக்கிற தொகையில் பெரும்பங்கு அந்தப் பாக்கியாகத்தான் இருக்கும். பாக்கிப் பட்டியலை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

கமிட்டியில் விழுந்த பழி கமிட்டியில்தான் நீங்க வேண்டும். அந்தப் பட்டியலை அடுத்த கூட்டத்தில் வைத்து மினிட்ஸில் ஏற்றச் சொல்லிப் பெரிய ஐயாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் மௌனத்தை ரொம்பத் தப்பாக எடுக்க வேண்டாம். நமக்கு மாற்றல் உண்டு. கமிட்டிக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்கள். அவரும் அவர்களோடுதான் காலம் தள்ள வேண்டும். பொருளாளர் நோட்டைப் பார்க்கவே மறுத்தால், இருவருக்கும் வேண்டிய மூப்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள். பேராயருக்கு மனு எழுதுவதெல்லாம் அதற்கும் அப்புறம்.

ஒன்று கேட்கிறேன், ஏல நோட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது? விதவைகளுக்கான பந்தியில் முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்களே அந்த வேலையை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த வருடம் சபையாரில் இரண்டு பேர் எழுதட்டும், ரசீதையும் அவர்களே கிழிக்கட்டும். நீங்கள் ஜெபம் பண்ணி ஏலத்தைத் தொடங்கி வைத்தால் போதும்.