செல் எதுவாக வளரும் என்பதில் இயந்திர விசைக்கும் பங்கு உண்டா?

"எல்லாவற்றையும் மரபணுக்களும் ஹார்மோன்களும்தானே தீர்மானிக்கின்றன, விசைக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். செல் வளர்ப்பு ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே எண்ணத்தால் எட்டு மாத உழைப்பை இழந்தவன் நான்.

கல்லீரலில் வடு உருவாவதைத் தடுக்கக்கூடிய ஒரு பொருளை, எலிக் கல்லீரலிலிருந்து பிரித்த ஸ்டெல்லேட் செல்களில் சோதித்துக்கொண்டிருந்தேன். நலமான கல்லீரலில் இவை வைட்டமின் ஏ நிறைந்த கொழுப்புத் துளிகளைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருப்பவை; புற ஊதா ஒளி பட்டால் அத்துளிகள் நீலமாக மினுங்கி, சில நொடிகளில் மங்கிவிடும். பிளாஸ்டிக் தட்டிலோ, எந்த மருந்தும் சேர்க்காத செல்களில்கூடச் சில நாட்களில் துளிகள் கரைந்து, செல்கள் அகன்று பரவி, செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் புரத இழைகள் கயிறாகத் திரண்டு, வடுத்திசுவைச் சுரக்கும் செல்களாகவே அவை மாறிவிட்டன. செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் ரத்தச் சீரத்தை மாற்றினேன், செல் பிரிக்கும் நொதியைச் சந்தேகித்தேன், எதுவும் பயன்படவில்லை. கடைசியில் 1 கிலோபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) மட்டுமே விறைப்புள்ள, மென்மையான பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தின் மேல், அதே வளர்ப்பு ஊடகத்தில், அதே சீரத்தில் வளர்த்தபோது, நீலமாக மினுங்கும் அந்தத் துளிகள் கரையாமல் நிலைத்து நின்றன.

செல் தன் இன்டெக்ரின் புரதங்களால் தளத்தைப் பற்றிக்கொண்டு, ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் புரதத்தால் அதை இழுத்துப் பார்க்கிறது. தளம் இணங்கிக் கொடுத்தால் இழைகளில் இழுவிசை ஏறுவதில்லை; இணங்காவிட்டால் ஏறுகிறது, யாப் என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. யாப் புரதத்தின் இப்பங்கை 2011இல் பிக்கோலோ என்னும் ஆய்வாளரின் குழு காட்டியது. அதற்கு முன்பே, 2006இல், எங்லர், டிஷர் என்னும் ஆய்வாளர்கள் ஒரே வகை ஸ்டெம் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்மங்களில் வளர்த்தனர். 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை அவை நரம்பு செல்களின் சாயலையும், 8 முதல் 17 வரை தசையின் சாயலையும், 25 முதல் 40 வரை எலும்பின் சாயலையும் கொண்டன. மயோசினை முடக்கியதும் அந்த வேறுபாடு மறைந்தது.

மரபணுவை நான் மறுப்பதாக யாரும் பொருள்கொள்ள வேண்டாம். விசை பேசுவதும் மரபணுக்களோடுதான். செல் உணர்வது கூழ்மத்தின் மென்மையையா, செல் பற்றிக்கொள்வதற்காக அதன் மேல் பூசும் கொலாஜன் புரதம் பிணைந்திருக்கும் விதத்தையா என்று நடந்த விவாதத்தையும் அறிவேன். ஆனால் என் கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர், "தட்டு வெறும் பாத்திரம்" என்று எழுதி அந்தப் பகுதியையே நீக்கச் சொன்னது இன்றும் ஆறவில்லை. ஊடகத்தின் ஒவ்வொரு உப்பின் அளவையும் கேட்கும் நாம், கல்லீரலைவிட லட்சக்கணக்கான மடங்கு விறைப்பான தளத்தில் செல் நின்றதை ஏன் கேட்பதில்லை?

மருந்து சேர்க்காத செல்களை ஒரு முறையாவது மென்கூழ்மத்தில் வளர்த்துப் பாருங்கள். கூழ்மம் கண்ணாடியிலிருந்து உரிந்து வந்தால், கூழ்மம் ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணாடியைச் சிலேன் என்னும் வேதிப்பொருள் பூசிப் பக்குவப்படுத்தியதில் குறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.