துவைத்ததும் காலர் பொங்குகிறதே!

சொந்தமாகச் சட்டை பிராண்டு நடத்தும் நண்பர்களுக்குக் கூடமாட வேலை பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம்.

? நண்பர்கள் மூவர் ஆண்கள் சட்டை பிராண்டு தொடங்கியிருக்கிறார்கள். தையல் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். குத்தாம்புள்ளியில் கைத்தறித் துணி எடுத்து 60 சட்டை தைத்தோம். ஒரு தடவை துவைத்ததுமே காலர் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது, கையும் குட்டையாகிவிட்டது என்கிறார்கள். தையல்காரர் செய்த தவறா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

தையல்காரர் மேல் பாயாதீர்கள். நெசவாளர் மேலும் தவறில்லை. துணியை நனைக்காமல் வெட்டியிருக்கிறீர்கள். கைத்தறிப் பருத்தி நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். முதல் துவையலில் கஞ்சி போகும், நூல் சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினால் 62 செ.மீ. கையில் 3 செ.மீ. காணாமல் போய்விடும். மணிக்கட்டு வெளியே தெரிய அது போதும்.

அடுத்த முறை துணி வந்ததும் ஓரத்தை விட்டு உள்ளே 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத மையில் வரையுங்கள். துவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து, மறுபடி அளந்து பாருங்கள். 50 என்பது 47.5 ஆகியிருந்தால் 5 சதவீதம். பாவு (நீளவாட்டு நூல்), ஊடு (குறுக்கு நூல்) இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவு சுருங்காது. பிறகு இரண்டு வழி உண்டு. பேட்டர்னையே, அதாவது வெட்டும் மாதிரி அளவையே, கூட்டி வெட்டலாம்: துவைத்த பின் 76 செ.மீ. நீளம் வேண்டுமென்றால் 80 செ.மீ. வெட்ட வேண்டும். அல்லது முழுத் துணியையும் இரவெல்லாம் ஊறவைத்து, உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன்பே தேய்த்துவிட்டு வெட்டலாம். சின்ன லாட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது. வாடிக்கையாளர் கடையில் போட்டுப் பார்க்கும் அளவுதான் வீட்டிலும் இருக்கும்.

காலர் பொங்கவும் இதே கஞ்சி ஒரு காரணம். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்து ஒட்டும் துணிதான் கேன்வாஸ். அதன் பசை, கஞ்சி படிந்த துணியில் சரியாகப் பிடிக்காது. போதாததற்குத் துணி சுருங்குகிறது, கேன்வாஸ் சுருங்குவதில்லை. அந்த வித்தியாசம்தான் கொப்புளமாகத் தெரிகிறது. சாதாரண அயன் பாக்ஸில் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல விழாது. சூடும் அழுத்தமும் சீராகக் கொடுத்து ஒட்டும் ஃபியூசிங் மெஷின் உள்ள இடத்தில் காலர், கஃப் (கைமுனைப் பட்டி), முன்பட்டியை மட்டும் கொடுத்து ஒட்டி வாங்குங்கள். சட்டைக் கேன்வாஸுக்குப் பெரும்பாலும் 150 முதல் 160 டிகிரி, 12 முதல் 18 விநாடி. கேன்வாஸ் விற்பவர் சொல்லும் அளவு வேறாக இருந்தால் அவர் சொல்வதே சரி. மெஷினிலிருந்து எடுத்ததும் மடிக்காமல் ஆற விட வேண்டும். பசை இறுகுவது ஆறும்போதுதான். ஒரு துண்டை மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு மற்றதை ஒட்டுங்கள்.

பொங்கிய காலரைத் தேய்த்தால் அடங்கும், அடுத்த துவையலில் மறுபடி எழும். அடியில் கழுத்தைச் சுற்றி நிற்கும் காலர் பட்டி நன்றாக இருந்தால் மேல் காலரைப் பிரித்தெடுத்துவிட்டு சைனீஸ் காலராக மாற்றித் தரலாம். சட்டை பிழைக்கும்.

? துணி பாலக்காடு சித்தூரில் இருக்கிறது, தைப்பது பொள்ளாச்சியில். நண்பர்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறார்கள். பைக்கில் இரண்டு பை கட்டிக்கொண்டு போவதற்குமா பில்?
– வாசகர், வேலந்தாவளம்

விற்பனை பில் வேண்டாம், டெலிவரி சலான் (சரக்கு அனுப்பும் சீட்டு) வேண்டும், கூடவே இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி ஆவணம்). 50,000 ரூபாய்க்குக் கீழே இ-வே பில் தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கூலி வேலைக்குச் சரக்கு போனால் அந்த வரம்பு கிடையாது, மதிப்பு எவ்வளவானாலும் எடுக்க வேண்டும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின, சோதனை போகவில்லை. அதிகாரிகள் வழியில் நிறுத்துவார்கள். தைத்த சட்டை திரும்பும்போதும் இதே கதைதான். சலானில் மீட்டர் கணக்கை எழுதுங்கள். ஓர் ஆண்டுக்குள் சரக்கு திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைப்பார்கள்.

? சம்பளம் வாங்காமல் நண்பர்களின் பிராண்டுக்கு உதவுகிறேன். ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரியிடம் 'நம்ம கம்பெனி' என்றுதான் பேசுவேன். நாளை கடன் நின்றால் என்னைக் கேட்பார்களா?
– வாசகர், கோவிந்தாபுரம்

கேட்கலாம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 28ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். தன்னைப் பங்குதாரராகக் காட்டிக்கொண்டு, அதை நம்பி ஒருவர் கடன் கொடுத்தால், பங்கே இல்லாதவரும் பொறுப்பாகலாம். பில் நிறுவனத்தின் பெயரில் மட்டும் இருக்கட்டும். உங்கள் காசோலையைக் கொடுக்காதீர்கள். வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: 'நான் பங்குதாரர் இல்லை, கொள்முதலுக்கு உதவுகிறேன்.' நண்பர்களிடமும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், ஒரு சட்டைக்கு இவ்வளவு என்றோ, சும்மா உதவி என்றோ. நண்பர்கள் தங்களுக்குள் பங்கு பற்றி எழுதிக்கொண்டார்களா? எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சட்டப்படி சமபங்கு. மாதம் முழுக்க ஓடியவருக்கும் ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்தவருக்கும் ஒரே தொகை.

? ஓணத்துக்கு 60 சட்டை. எந்த அளவில் எத்தனை? என்ன விலை வைக்கலாம்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

38இல் 10, 40இல் 20, 42இல் 20, 44இல் 10. விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு: மீட்டர் 180 ரூபாய்த் துணி 1.6 மீட்டர், 288 ரூபாய். (இது 58 இன்ச் அகலத்துக்கு. 36 இன்ச் கைத்தறியென்றால் 2.25 மீட்டருக்கு மேல் ஆகும்.) சேதாரம் 14, கேன்வாஸ்-பட்டன்-லேபிள் 35, தையல் 130, காஜா-அயனிங்-பேக்கிங் 25. மொத்தம் 492. எம்.ஆர்.பி. 1,050 என்றால் 5 சதவீத வரி போக 1,000. கடைக்காரருக்கு 30 சதவீதம் போக 700, உங்களுக்கு 208 மிஞ்சும். பத்துச் சட்டை விற்காமல் நின்றால் 4,920 ரூபாய் முடங்கும். விற்ற ஐம்பதின் தலையில் சட்டைக்கு 98 ரூபாய் ஏறும், மிச்சம் 110. இதற்குள்தான் போட்டோவும் கூரியரும்.

கசவு முண்டுக்கு (சரிகைக் கரை போட்ட கேரள வேட்டி) பொருந்தும் நிறங்கள் ஓணத்தோடு நின்றுவிடும். ஆகவே முப்பதை அந்த நிறங்களிலும், முப்பதைத் தீபாவளிக்கும் ஓடக்கூடிய கரு நீலம், மெரூனிலும் வெட்டுங்கள். ஆடி முடியும் முன்பே சட்டை கடைத் தட்டில் இருக்க வேண்டும்.